புல்வெளி ஆந்தையும் ‘தரிசு’ என்னும் சொல்லும்

ஆந்தை என்றதும் தமிழ் மனம் இருளையும் மரப்பொந்தையும் பாழடைந்த மண்டபத்தையும் எண்ணுகிறது. அதன் அலறலைத் தீநிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் ஊர்ப்புறங்களில் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. காலமறிதலின் சிறப்பை விளக்க வந்த வள்ளுவரும், இரவில் வலிய கூகை பகலில் காக்கைக்குத் தோற்பதையே உவமையாகக் காட்டினார். இரவில் வலிமை, பகலில் தளர்ச்சி, மரத்தில் வாழ்வு ஆகிய மூன்றும் ஆந்தையின் பொது இலக்கணமாக மக்கள் மனத்தில் பதிந்துள்ளன. இம்மூன்றுக்கும் அடங்காத ஆந்தை ஒன்று உண்டு. அது பகல் வெளிச்சத்திலும் வேட்டையாடும். பெரும்பாலும் தரையிலேயே ஓய்வு கொள்ளும். தரையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அதற்குக் குட்டைக்காது ஆந்தை என்பது பெயர்.

மரங்கள் அடர்ந்த காடு இதற்கு வேண்டுவதில்லை. புல்வெளியும், சதுப்பு நிலத்தின் கரையும், உயர்ந்த புல் மண்டிய தாழ்நிலமுமே இதன் வீடு. ஆனால், மரமில்லாத அத்தகைய வெளிகளை மனிதர் பெரும்பாலும் ‘தரிசு’ என்றே எழுதி வைத்துள்ளனர். நிலத்துக்கு இடும் பெயர் அந்நிலத்தின் விதியையும் எழுதிவிடுகிறது என்பதற்கு இப்பறவையின் வாழ்க்கை ஒரு சான்று.

உருவும் இயல்பும்

குட்டைக்காது ஆந்தை ஏறத்தாழக் காக்கை அளவுள்ள பறவை. சிறகுகளை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் இருக்கும். உடல் எடையோ அரைக் கிலோவைக்கூட எட்டுவதில்லை. எடை குறைவாகவும் சிறகு பெரிதாகவும் அமைந்திருப்பதால், அது புல்லின் தலைக்குச் சற்று மேலே மிதப்பதுபோலத் தாழப் பறக்க இயலுகிறது. காய்ந்த புல்லின் நிறமே அதன் மேனி நிறம். மஞ்சள் நிற விழிகளைச் சுற்றி மை தீட்டியதுபோன்ற கருமை படர்ந்திருக்கும். தலையில் ‘காது’ எனப் பெயர்பெற்றவை உண்மையில் காதுகள் அல்ல. அவை சிறு இறகுக் கொத்துகள். மிகச் சிறியவையாதலால் பெரும்பாலான நேரங்களில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

உண்மையான காதுகளோ முகத்தின் இருபுறமும் இறகுகளுக்குள் மறைந்துள்ளன. அவை ஒன்றுக்கொன்று ஒத்த அமைப்பின அல்ல. அதனால் ஓர் ஒலி இரு காதுகளையும் எட்டுவதில் நுட்பமான வேறுபாடு உண்டாகிறது. அவ்வேறுபாட்டைக் கொண்டே புல்லுக்குள் மறைந்து நகரும் எலி இருக்கும் இடத்தை ஆந்தை துல்லியமாக அறிகிறது. அதன் சிறகின் முன்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற அமைப்பு உள்ளது. அது காற்றின் இரைச்சலைத் தணிக்கிறது. இரையின் ஓசையை ஆந்தை கேட்கிறது. ஆந்தையின் ஓசையை இரை கேட்பதில்லை. பிடித்த எலியைப் பெரும்பாலும் முழுமையாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் பின்னர் உருண்டையாக்கி உமிழ்கிறது. அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்தே, ஒரு நிலத்தில் எவ்வகைச் சிற்றுயிர்கள் வாழ்கின்றன என்பதை ஆய்வாளர் கணக்கிடுகின்றனர்.

தரையே தொட்டில்

ஆந்தை இனங்களுள் பெரும்பாலானவை தாமாகக் கூடு கட்டுவதில்லை. மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ பிற பறவைகள் கைவிட்ட கூட்டிலோ குடியேறும். குட்டைக்காது ஆந்தையின் பெட்டையோ தரையில் ஒரு குழியைப் பறித்து, அதனுள் புல்லையும் இறகையும் பரப்பித் தானே கூடு அமைக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை வானில் உயர்ந்து, சிறகுகளை உடலுக்குக் கீழே கொண்டுவந்து ஒன்றோடொன்று தட்டும். அவ்வோசை கைதட்டல்போலக் கேட்கும்.

வழக்கமாக நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். எலிகள் பெருகிய ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை பத்தையும் கடக்கும். பெட்டை ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்க, ஆண் இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாத்தல் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்ததற்கும் இளையதற்கும் உருவில் பெரும் வேறுபாடு காணப்படும். பிறந்து இரண்டு வாரங்களே ஆன, பறக்கக் கல்லாத குஞ்சுகள் கூட்டைவிட்டு நடந்து வெளியேறிப் புல்லுக்குள் ஆங்காங்கே ஒளிந்துகொள்கின்றன. ஓரிடத்தில் கூடியிருந்தால் நரி ஒன்றே அனைத்தையும் உண்டுவிடும். பிரிந்திருந்தால் சில பிழைக்கும். பகை அணுகும்போது தாய் தன் சிறகு முறிந்ததுபோல நடித்துத் தரையில் புரண்டு, அதன் கவனத்தைத் தன்மேல் ஈர்ப்பதும் உண்டு.

இத்தனை காப்பு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. அது மறைவு தரும் புல். புல்லை உழுதாலும், நெருப்பிட்டாலும், காலமல்லாக் காலத்தில் அறுத்தாலும் முட்டையும் குஞ்சும் ஒருசேர அழியும். மரத்தில் வாழும் பறவைக்கு ஒரு மரம் போனால் மற்றொரு மரம் கிடைக்கலாம். தரையில் வாழும் பறவைக்குத் தரை போனபின் வேறு புகலிடம் இல்லை.

எலியைத் தொடரும் நாடோடி

ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் தவிர்த்து, பிற கண்டங்களில் இவ்வாந்தையைக் காணலாம். பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளையும் கலாபகசுத் தீவுகளையும் அது சென்றடைந்திருக்கிறது. ஹவாய் மக்கள் அதனைப் ‘புவேயோ’ என அழைத்து, குடும்பத்தைக் காக்கும் முன்னோரின் வடிவங்களுள் ஒன்றாகப் போற்றினர். ஓரிடத்தில் தீநிமித்தமாகக் கருதப்படும் ஆந்தை மற்றோரிடத்தில் காவல் தெய்வமாகிறது. இதிலிருந்து பழி பறவையுடையதன்று, பார்வையுடையது என்பது தெளிவாகும்.

வடக்கு நாடுகளில் இவ்வாந்தையின் முதன்மை உணவு, ‘வோல்’ எனப்படும் குட்டைவால் எலி. அவ்வெலிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுவதும் பின்னர்க் குறைவதும் இயல்பு. எங்கே அவை பெருகுகின்றனவோ அங்கே ஆந்தைகள் கூடுகின்றன. குறைந்தவுடன் வேறிடம் தேடிச் செல்கின்றன. 1890ஆம் ஆண்டை அடுத்து ஸ்காட்லாந்தின் தென்பகுதி மலைமேய்ச்சல் நிலங்களில் இவ்வெலிகள் அளவின்றிப் பெருகின. ஆட்டு மந்தைகளுக்குரிய புல் வேரோடு அழிந்தது. அப்போது குட்டைக்காது ஆந்தைகள் பெருந்திரளாக அங்கு வந்து தங்கி இனம் பெருக்கின. இதனை ஆராய அரசு ஒரு குழுவையே அமைத்தது. எலியைத் தின்னும் பறவைகளையும் விலங்குகளையும் மனிதர் கொன்று குவித்து வந்த அக்காலத்தில், ஆந்தைகளால் உழவர்க்கு விளையும் நன்மை வெளிப்படையாகப் பேசப்பட்டது.

எலிப் பெருக்கத்தை ஆந்தைகள் மட்டுமே முடித்துவைத்தன என்று கூறுவது மிகையாகும். பெருகிய உயிரினம் பல காரணங்களால் தானே குறைவதும் இயற்கையின் நடைமுறை. ஆயினும், அழைப்பின்றி வந்து, கூலியின்றிப் பணி செய்து, பணி முடிந்தவுடன் விலகும் காவலரை ஒரு நாடு இழப்பது அறிவுடைமையாகாது.

இந்தியாவுக்கு இவ்வாந்தை ஒரு குளிர்கால விருந்தினர். அக்டோபரை ஒட்டி வடக்கிலிருந்து வரும் பறவைகள் மார்ச்சு வரையில் இங்குள்ள புல்வெளிகளிலும் ஈரநிலங்களின் ஓரங்களிலும் தங்குகின்றன. குசராத்தின் வேளாவதர் தேசியப் பூங்காவில் வெளிமான்கள் மேயும் புல்வெளியில் பூனைப்பருந்துகள் ஆயிரக்கணக்கில் இரவு தங்குகின்றன. அப்புல்வெளியே இவ்வாந்தைக்கும் புகலிடம் தருகிறது. தெற்கே செல்லச் செல்ல இதன் வருகை அரிதாகிறது.

கலப்பைக்கு இரையான புல்வெளி

புல்வெளியை இழந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் எடுத்துக்காட்டு. ‘புல்வெளி மாநிலம்’ என்பது அதன் சிறப்புப் பெயர். அங்கு ஒரு காலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் புல்வெளி பரந்திருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான புல்லும் அதன் ஆழ்ந்த வேர்களும் பின்னிக் கிடந்த அந்நிலத்தை இரும்புக் கலப்பையால் எளிதில் உழ இயலவில்லை. மண் கொழுவில் ஒட்டிக்கொண்டது. 1837இல் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகினால் செய்த வழவழப்பான கலப்பையை உருவாக்கினார். ஈரம் தேங்கிய புல்வெளிகளில் பின்னர் நிலத்தடிக் குழாய்கள் பதிக்கப்பட்டு நீர் வடிக்கப்பட்டது. சில தலைமுறைகளுக்குள் புல்வெளி முழுவதும் சோளமும் சோயாவும் விளையும் வயலாயிற்று. இன்று பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அங்கு எஞ்சவில்லை. குட்டைக்காது ஆந்தையும் அம்மாநிலத்தின் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

அவ்வயல்கள் உலகுக்கு உணவு தருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்நிலத்தின் வளமே புல் தந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் புல்லின் வேர்கள் மண்ணுக்குள் மடிந்து மக்கியதால் உருவான கரிய மண்ணே இன்றைய விளைச்சலுக்கு முதல். முதலை ஈட்டித் தந்தவரையே வீட்டைவிட்டு வெளியேற்றிய கதை அது.

மரத்தால் அழிந்த புல்

உழவால் அழிந்த புல்வெளி உண்டு. நல்லெண்ணத்தால் அழிந்த புல்வெளியும் உண்டு. குசராத்தின் கட்சு மாவட்டத்திலுள்ள பன்னி, ஆசியாவின் பெரும் புல்வெளிகளுள் ஒன்று. மால்தாரி எனப்படும் மேய்ச்சல் மக்கள் எருமைகளோடும் காங்கிரேசு மாடுகளோடும் அங்கு வாழ்ந்து வருகின்றனர். அருகிலுள்ள உப்புப் பாலை பரவுவதைத் தடுக்கும் நோக்குடன் 1960களில் அங்கு சீமைக்கருவேலம் நடப்பட்டது. நட்ட எல்லைக்குள் அது நிற்கவில்லை. புல்வெளியின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. மேய்ச்சல் குறைந்தது, மாடுகள் இளைத்தன. அம்மரத்தைக் கரி சுட்டுப் பிழைப்போரும் இன்று அங்கு உள்ளமையால், அதனை அகற்றுவதும் எளிய செயலாக இல்லை. தமிழகத்தின் தென்மாவட்டக் கண்மாய்களில் சீமைக்கருவேலம் படர்ந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இது புதிய செய்தியன்று.

நீலகிரியில் நிகழ்ந்ததும் இதன் மற்றொரு வடிவமே. சோலைக்காடுகள் பள்ளத்தாக்குகளிலும் புல்வெளிகள் மலைச்சரிவுகளிலும் அமைவது அம்மலையின் இயற்கை ஒழுங்கு. மரமில்லாச் சரிவுகளை வெறுமை எனக் கருதிய ஆங்கிலேயர் அங்கு யூகலிப்டசும் வாட்டிலும் நட்டனர். விடுதலைக்குப் பின்னும் அந்நடவு தொடர்ந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடும், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே காணப்படும் நீலகிரி நெட்டைக்காலியும் தம் மேய்புலத்தையும் வாழ்விடத்தையும் இழந்தன. மழைநீரைப் பஞ்சுபோல ஏற்று ஓடைகளுக்கு மெல்ல விடுத்த புல்வெளி சுருங்கியது.

மரம் நடுதல் நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், எந்த நற்செயலும் இடமறிந்து செய்யப்பட வேண்டும். காட்டில் மரத்தை வெட்டுவதும் புல்வெளியில் மரத்தைத் திணிப்பதும் இருவேறு செயல்கள்போலத் தோன்றினும், விளைவால் ஒன்றே. இரண்டிலும் ஒரு வாழிடம் அழிகிறது. கரியைச் சேமிக்க மரமே வழி என்பாரும் ஒன்றை எண்ண வேண்டும். மரம் தன் கரியின் பெரும்பகுதியைத் தரைக்கு மேலே வைக்கிறது. புல்லோ வேரிலும் மண்ணிலும் வைக்கிறது. காட்டுத்தீ மேலே உள்ளதை எரிக்கும். மண்ணுக்குள் உள்ளதை எளிதில் எரிக்க இயலாது.

சொல்லின் வலிமை

இத்தனை இழப்புகளுக்கும் பின்னால் ஒரு சொல் நிற்கிறது. ஆங்கிலேயரின் வருவாய்க் கணக்கில் வரி தரும் நிலமே பயனுள்ள நிலம். வரி தராதது வீண் நிலம். விளைச்சல் இல்லாதது என்பது நாளடைவில் பயனற்றது என்னும் பொருளைப் பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவிலும் புல்வெளியின் பெரும்பகுதி பாழ்நிலக் கணக்கிலேயே தொடர்ந்தது. ‘பாழ்’ என்று எழுதப்பட்ட நிலத்தைக் காக்க எவரும் முன்வருவதில்லை. தொழிற்பேட்டைக்கும் குப்பைக் கிடங்குக்கும் இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது அத்தகைய நிலமே. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் குப்பை கொட்டப்பட்டதும் கட்டடங்கள் எழுந்ததும் அவ்வாறே. மிகச் சுருங்கிய பின்னரே 2022இல் அது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், தமிழகத்தின் ஊர்க்கணக்கில் வேறொரு சொல்லும் இருக்கிறது. ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்பது அது. புறம்போக்கு என்றால் எவருக்கும் உரியதல்லாத நிலம் என்று இன்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது வரிக்கணக்கின் புறத்தே நின்று, ஊருக்குப் பொதுவாக விளங்கிய நிலம். ஏரியும் குளமும் பாதையும் மேய்ச்சல் வெளியும் அதில் அடங்கும். மேய்க்கால் என்னும் சொல் நிலத்தின் பயனைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ‘தரிசு’ நிலத்தில் இல்லாததைச் சொல்லுகிறது. ‘மேய்க்கால்’ இருப்பதைச் சொல்லுகிறது.

மறுப்பும் விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். குட்டைக்காது ஆந்தை உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனைத் தீவாய்ப்புக் குறைந்த இனங்களுள் வைத்துள்ளது. அவ்வாறிருக்க அதன்பொருட்டு இத்துணைக் கவலை ஏன் என்று வினவலாம். அவ்வொன்றியமே அப்பறவையின் எண்ணிக்கை குறைந்து வருவதையும் குறிக்கிறது. கானமயிலும் ஒரு காலத்தில் இந்தியப் புல்வெளிகள் பலவற்றில் உலவிய பறவைதான். தமிழகத்திலும் அது இருந்தது. இன்று பெரும்பாலும் இராசத்தானத்தில் மட்டும் சிறு தொகையாக எஞ்சியுள்ளது. மிகுதியாக இருக்கும்போது காப்பது எளிது. அருகிய பின் காப்பது அரிது.

மக்கட்பெருக்கம் மிகுந்த நாட்டில் உழவுக்கும் தொழிலுக்கும் மின் உற்பத்திக்கும் நிலம் வேண்டாவா என்பது அடுத்த மறுப்பு. வேண்டும். ஆனால், ஒரு புல்வெளியைப் பிறிதொரு பயனுக்கு மாற்றும் முன்னர் அது இப்போது தரும் பயன் எது, அதனால் வாழ்வோர் யாவர் எனக் கேட்கும் கடமை உண்டு. ‘தரிசு’ என்னும் சொல் அவ்வினாவையே எழவிடாமல் செய்துவிடுகிறது. அங்கு ஆடு மேய்ப்பவரும் மாடு வளர்ப்பவரும் கணக்கில் வராமற் போகின்றனர். நிலம் வெறுமையென எழுதப்படும்போது அதில் வாழும் மனிதரும் இல்லாதவராகவே எழுதப்படுகின்றனர். ஆந்தையின் இழப்பும் மேய்ப்பரின் இழப்பும் ஒரே ஏட்டில், ஒரே சொல்லால் நிகழ்கின்றன.

கொரங்காடு காட்டும் வழி

புல்வெளியைக் காப்பது என்றால் வேலியிட்டு மனிதரை விலக்குவது என்று பொருளன்று. கொங்கு நாட்டின் காங்கேயம் பகுதியில் வழிவழியாக வரும் ‘கொரங்காடு’ இதற்கு நல்ல சான்று. மழை குறைந்த அப்பகுதியில் உழவர் தம் நிலத்தில் கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, ஆங்காங்கே வெள்வேல மரங்களை நிற்கவிட்டு, முள்கிளுவையை உயிர்வேலியாக அமைத்தனர். ஒரு பகுதியில் மாடு மேயும்போது மற்றொரு பகுதி ஓய்வு பெறும். புகழ்பெற்ற காங்கேயம் மாடு அம்மேய்ச்சலில் உருவான செல்வம். அங்குப் புல்லும் மரமும் மாடும் மனிதரும் ஒருவரையொருவர் அழிக்காமல் வாழும் முறை உண்டு. நூல் வழியாகக் கல்லாமல் நிலத்தின் வழியாகக் கற்ற அறிவு அது.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்க்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. அறிவிப்பு மட்டும் போதாது. புல்வெளியைப் பாழ்நிலக் கணக்கிலிருந்து நீக்கி, தனித்த வாழிடமாகப் பதிவு செய்தல் வேண்டும். மரம் நடும் திட்டம் எதுவாயினும், நடவிருக்கும் நிலம் இயல்பாகவே புல்வெளியா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மேய்க்கால் நிலங்களின் எதிர்காலத்தை முடிவு செய்யும்போது, அவற்றில் மேய்ப்போரின் கருத்தையும் கேட்டல் வேண்டும். இவை பெரும்பொருள் வேண்டும் செயல்கள் அல்ல. பார்வையை மாற்றிக்கொண்டால் போதுமானவை.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கிலிருந்து வரும் குட்டைக்காது ஆந்தை வருவாய்க் கணக்கைப் படிப்பதில்லை. எலி உண்டா, மறைந்திருக்கப் புல் உண்டா என்று மட்டுமே பார்க்கிறது. இரண்டும் உள்ள இடத்தில் இறங்குகிறது. இல்லாத இடத்தைக் கடந்து செல்கிறது. ஒரு நிலம் உயிருள்ளதா, பாழா என்பதை அப்பறவை இறங்கியோ கடந்தோ காட்டிவிடுகிறது. ஏட்டில் எழுதப்பட்ட சொல்லைக்காட்டிலும் அத்தீர்ப்பு நம்பத்தக்கது.